தொட்டிலும் பொம்மையும்: ஒரு வேளாங்கண்ணிப் பயணம்

புனித அகுஸ்தீனாரின் திருநாளாகிய ஆகஸ்டு 28 ஆம் நாள் காலையில், வீட்டுப் பீடத்தின்முன் ஒரு பத்து மணிச் செபம் சொல்லி முடித்து, திருச்சியிலிருந்து வேளாங்கண்ணிக்குப் புறப்பட்டோம். இது 2024 ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. மறுநாள் மாலையில் ஆரோக்கிய அன்னையின் கொடி ஏறும்; செப்டம்பர் 8 ஆம் நாள் அன்னையின் பிறப்பு விழாவோடு திருநாள் நிறைவுறும். கொடியேற்றத்தைக் கண்ணாரக் காணவேண்டும் என்று ஊராரிடம் சொல்லிக்கொண்டோம். உண்மைக் காரணம் வேறு. நான்கு மாதங்களாக ஒருவரோடொருவர் முகங்கொடுத்துப் பேசாதிருந்த எங்கள் மகனையும் மகளையும் ஒரே வண்டியில் ஏற்றவேண்டியிருந்தது. அன்னையின் பெயரைச் சொல்லி அழைத்தால் இருவராலும் மறுக்க இயலாது என்பது எங்களுக்குத் தெரியும்.

ஓட்டுநரையும் சேர்த்து வண்டியில் ஒன்பது பேர். மகன் முன்வரிசையில் அமர்ந்தான். மகள் கடைசி வரிசைக்குச் சென்றாள். நடுவரிசை எங்களுக்கு. ஆறாம் மாதக் கருவைச் சுமந்திருந்த மருமகள் எங்கள் அருகில் இருந்தாள். அவள் மடியில் இரண்டரை வயதுப் பேரன் உறங்கிக்கொண்டிருந்தான். மூன்று வயது நிரம்பவிருந்த பேத்தி, மருமகப்பிள்ளையின் தோளில் சாய்ந்தபடி தெருவிளக்குகளை எண்ணிக்கொண்டு வந்தாள். ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து என்பது அவள் கணக்கு.

பிணக்கின் காரணத்தைச் சொல்ல எங்களுக்கே நாணமாக இருக்கிறது. எங்கள் வீட்டுப் பரணில் பலா மரத்தாலான பழைய தொட்டில் ஒன்று கிடக்கிறது. பித்தளை வளையங்களும் சங்கிலியும் கொண்டது. தலைமாட்டில் இரண்டு மரக்கிளிகள். எங்கள் பிள்ளைகள் இருவரும் அதில்தான் கிடந்து வளர்ந்தார்கள். அவர்கள் எழுந்து நடக்கத் தொடங்கிய பிறகு, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அதை ஏறெடுத்துப் பார்த்தவர் இல்லை. பேத்தி பிறந்தபோதும் சேலைத் தூளிதான். பேரன் பிறந்தபோதும் அவ்வாறே. இரண்டாம் குழந்தை வரப்போகிறது என்றறிந்ததும் மகன் ஒரு நாள், "அந்தத் தொட்டிலை இறக்கித் துடைத்து வைக்கலாமா அப்பா?" என்றான். அதை நாங்கள் மகளிடம் தொலைபேசியில் தெரிவித்தோம். அன்றிரவே அவள், "எனக்கும் அதில் பங்கு உண்டு, என்னைக் கேட்காமல் எப்படிக் கொடுப்பீர்கள்?" என்று அழுதாள். சொற்கள் வளர்ந்தன. பழைய கதைகள் கிளறப்பட்டன. தொட்டில் மட்டும் பரணை விட்டு இறங்கவில்லை.

தஞ்சையில் காலை உணவுக்காக வண்டியை நிறுத்தினோம். உணவு விடுதிக்கு அருகில் அப்போதுதான் திறந்திருந்த ஒரு கடையின் வாயிலில் தலையாட்டிப் பொம்மைகளை வரிசையாக வைத்திருந்தார்கள். பேத்தி எங்கள் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கேட்கவில்லை, நாங்களாகவே சிவப்புச் சேலை உடுத்திய இராணி பொம்மை ஒன்றை வாங்கி அவள் கையில் கொடுத்தோம். பேரன் உறக்கத்தில் இருந்ததால், அவனுக்கு அன்னையின் ஊரில் ஏதேனும் வாங்கிக் கொள்ளலாம் என்று எண்ணினோம். பல பிள்ளைகளை வளர்த்தவர்கள் யாரேனும் உடன் இருந்திருந்தால் எங்களைத் தடுத்திருப்பார்கள்.

தஞ்சைப் பொம்மையைப் பற்றி இங்கே ஒரு சொல். அதன் அடிப்பகுதி அரைக்கோள வடிவில் களிமண்ணால் கனமாகச் செய்யப்படுகிறது. மேற்பகுதி காகிதக் கூழ் முதலிய மெல்லிய பொருள்களால் ஆனது. பாரம் முழுவதும் அடியில் தங்கிவிடுவதால் எப்பக்கம் சாய்த்தாலும் ஆடி ஆடித் தானே நிமிர்ந்துவிடும். இக்கைவினைக்கு 2008-09 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. பேத்தி அதனை ஐந்தாறு முறை சாய்த்துப் பார்த்தாள். பிறகு இருக்கையில் போட்டுவிட்டுச் சன்னலோரம் போய்விட்டாள். பொம்மை வண்டியின் ஆட்டத்திற்கேற்பத் தன்பாட்டில் தலையசைத்துக்கொண்டிருந்தது.

அம்மாப்பேட்டையைக் கடந்தபோது பேரன் கண்விழித்தான். பொம்மையைப் பார்த்தான். பார்த்துவிட்டு, வெளியே வயலோரம் நின்ற எருமையைப் பார்த்தான். எருமையே அவனுக்குப் பெரிதாக இருந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். நாங்கள் பொம்மையைக் கையில் எடுத்து, "அடடா, இந்த இராணி யாருடையது?" என்று பேத்தியிடம் நீட்டினோம். மறந்திருந்த அவள் பாய்ந்து வந்து அதை மார்போடு அணைத்துக்கொண்டாள். அணைத்த அந்தக் கணத்தில் பேரனுக்கு எருமை மறைந்துபோயிற்று. "எனக்கு!" என்றான்.

அதன்பின் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் எங்களுக்கு வாய்த்த அரைமணி நேரத்தை நாங்கள் எளிதில் மறக்கமாட்டோம். அவ்வழியே சென்றவர்கள் அந்தக் கேட்டின் பொறுமைச் சோதனையை அறிவார்கள். முன்னும் பின்னும் நகர முடியாத வண்டிக்குள் இரு பிள்ளைகளும் ஒரு பொம்மையை இருபுறமும் பற்றிக்கொண்டு அலறினார்கள். பிஸ்கோத்தை நீட்டினோம், பலன் இல்லை. "அது பாப்பாவுடையது, நீ பெரிய பையன் அல்லவா?" என்று மகன் தன் பிள்ளையை அதட்டினான். "அழுகிறானே, கொஞ்ச நேரம் கொடுத்தால் என்ன?" என்று மகள் தன் பிள்ளையை அதட்டினாள். இருவரும் நியாயமாகத்தான் பேசினார்கள். ஆயினும் ஒருவர் சொல்லை மற்றவர் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. மகனிடமிருந்த தண்ணீர்ப் பாட்டில் மகளுக்குத் தேவைப்பட்டபோது அவள், "அம்மா, அந்தப் பாட்டிலைக் கேளுங்கள்" என்றாள். கைக்கெட்டும் தொலைவில் அண்ணன் இருந்தான்.

கொரடாச்சேரிக்கு அப்பால் சாலையோரம் காவி உடுத்த நடைப்பயணிகள் தென்படத் தொடங்கினர். சிறு சப்பரத்தில் அன்னையின் சுரூபத்தை வைத்து இழுத்து வருவோர் சிலர். குழந்தையைத் தோளில் சுமந்தவர் சிலர். வெடித்த பாதங்களுக்குத் துணியைச் சுற்றிக்கொண்ட முதியவர் சிலர். ஆங்காங்கே பந்தலிட்டு நீர்மோர் வழங்கினார்கள். அவர்களுள் நம் சமயத்தார் அல்லாதாரும் இருந்தனர். திருவாரூருக்கு அருகில் ஒரு பந்தலில் நாங்களும் இறங்கினோம். ஒரு கூட்டம் "மரியே வாழ்க!" என்று முழங்கிச் சென்றது. பேத்தி இரு கைகளையும் கூப்பிக்கொண்டு "மய்யே வாக்க!" என்றாள். பேரன் அவளைப் பார்த்தான், அவனும் கைகூப்பினான், அவனும் "மய்யே வாக்க!" என்றான். அவள் ஒரு காலைத் தூக்கி நொண்டினால் அவனும் நொண்டினான். அவன் மணலை அள்ளித் தலையில் போட்டுக்கொண்டால் அவளும் போட்டுக்கொண்டாள். அதுவரை எங்கள் இல்லத்தரசியை முறைப்படி "அப்பாயி" என்று அழைத்துவந்த பேரன், பேத்தியின் வாயைப் பார்த்து "அம்மாச்சி" என்று அழைக்கத் தொடங்கினான். பத்து நிமிடங்களுக்கு முன் ஒருவர் முகத்தை ஒருவர் கீறிய பிள்ளைகள் இவர்கள்தாமா என்று வியப்பாக இருந்தது.

வியப்பதற்கில்லை என்று அறிஞர்கள் சொல்வார்கள். பேச்சு முழுமையாக வராத பிள்ளைகளுக்குப் பின்பற்றுதலே ஒருவகைப் பேச்சாக இருக்கிறது. பிரான்சு நாட்டு உளவியலாளர் ஜாக்குலின் நடேல் என்ற பெண்மணி, சிறு பிள்ளைகள் விளையாடும் அறையில் ஒவ்வொரு பொருளிலும் இரண்டிரண்டு வைத்து உற்று நோக்கினார். ஒரு பிள்ளை ஒரு பொருளை எடுத்தால் மற்றதும் அதேபோன்ற பொருளையே எடுத்து, முதற்பிள்ளை செய்வதைத் தானும் செய்கிறது. பிறகு இருவரும் முறைமாற்றிக் கொள்கிறார்கள். "நீ செய்வதை நான் பார்த்தேன், எனக்கு உன்னைப் பிடித்திருக்கிறது" என்பதை அப்பிள்ளைகளால் சொல்லால் சொல்ல இயலாது, செய்து காட்டுகிறார்கள். நாவில் மொழி வந்ததும் இந்த ஆட்டம் மெல்ல மெல்லக் குறைந்துவிடுகிறது.

அப்படியானால் பொம்மையிலும் இரண்டு வாங்கிவிட்டால் போயிற்று என்று நாங்கள் எண்ணினோம். வேளாங்கண்ணி கடைத்தெருவில் தேடி, அதே அளவில் அதே சிவப்புச் சேலை இராணியைக் கண்டுபிடித்துப் பேரனிடம் கொடுத்தோம். பெற்றுக்கொண்டான். பேத்தியின் கையிலிருந்ததைப் பார்த்தான். தன் கையிலிருந்ததைக் கீழே போட்டுவிட்டு, "அது!" என்றான். எது எவருடையது என்ற வழக்கைத் தீர்க்க, ஒன்றின் அடியில் பேனாவினால் ஒரு புள்ளி வைத்தோம். உடனே புள்ளி வைத்த பொம்மை இருவருக்கும் வேண்டியதாகிவிட்டது! புள்ளியில்லாத இராணி விடுதி அறையின் மூலையில் அநாதையாகக் கிடந்தாள்.

எங்கள் பிள்ளைகள் மட்டும் விதிவிலக்கல்லர் என்பது ஓரளவு ஆறுதல். 1982 ஆம் ஆண்டில் டேல் ஹே, ஹில்டி ராஸ் என்னும் இரு பெண் ஆய்வாளர்கள், 21 மாதக் குழந்தைகளை இருவர் இருவராக விளையாடவிட்டுக் கண்டறிந்து எழுதியதும் இதுவே. அதேபோன்ற மற்றொரு பொம்மை கைக்கெட்டும் இடத்தில் இருந்தபோதும் குழந்தைகள் அடுத்த குழந்தையின் கையில் இருப்பதற்காகவே சண்டையிட்டார்கள். ஆக, குறை பொருளின் எண்ணிக்கையில் இல்லை. ஆனால் இன்னொன்றையும் சொல்லவேண்டும். 1976 ஆம் ஆண்டில் வெளிவந்த வேறோர் ஆய்வு, ஒன்றரை வயதுப் பிள்ளைகள் யாரும் கேளாமலே தம் கைப்பொருளைத் தாய்க்கும் பிறருக்கும் காட்டி மகிழ்வதையும் கொடுத்து மகிழ்வதையும் பதிவு செய்திருக்கிறது. பறிக்கும் கையும் கொடுக்கும் கையும் ஒரே கைதான். பாதி கடித்த முறுக்கை நம் வாயில் திணிக்கும் பேரப்பிள்ளை இல்லாத வீடு எது?

மாலையில் கடற்கரைக்குச் சென்றோம். வேளாங்கண்ணிக் கடற்கரையில் நிற்கும்போது 2004 டிசம்பர் 26 ஆம் நாளை எண்ணாமல் இருக்க முடிவதில்லை. அன்று காலையில் எத்தனையோ யாத்திரிகக் குடும்பங்களை அலைகள் கொண்டுசென்றன. சிறிது நேரம் மௌனமாக நின்றோம். பிள்ளைகளோ கடலைக் கண்டு அஞ்சி எங்கள் கால்களைக் கட்டிக்கொண்டார்கள். பின்பு கடைகளைக் கண்டு அச்சத்தை மறந்தார்கள்.

கடற்கரைக்குச் செல்லும் வழியில் பொரித்த மீன் கடைகளுக்கும் சங்குக் கடைகளுக்கும் இடையே தரையில் சாக்கு விரித்து ஒருவர் அமர்ந்திருந்தார். பீப்பி, காற்றாடி, கிலுகிலுப்பை, தண்ணீர்த் தொட்டியில் படபடவென்று ஓடும் தகரக் கப்பல், எல்லாம் அவரிடம் இருந்தன. எனினும் வருவோர் கண்ணில் முதலில் படுவது அவருடைய சிறுமகள்தான். அவள் எதையும் விற்கவில்லை. காற்றாடி ஒன்றைப் பிடித்துக்கொண்டு தன்பாட்டில் சிரித்துக்கொண்டிருந்தாள். எங்கள் பிள்ளைகள் இருவரும் அவளருகே சென்று நின்றுவிட்டார்கள். சாக்கின்மேல் இருந்த இருபது காற்றாடிகளை அவர்கள் பார்க்கவே இல்லை.

"ஐயா, சாக்குல கெடக்குற சாமான எந்தப் புள்ளையும் திரும்பிப் பாக்காதுங்க. இன்னொரு புள்ள கையில இருக்கணும். இதோ இது ஒண்ணு கையில வச்சிருக்குதா, பொழுது சாயறதுக்குள்ள நாப்பது போயிரும்" என்று அவர் சிரித்தார்.

"அவள் எதைப் பிடிக்கவேண்டும் என்று நீங்கள்தாம் சொல்வீர்களோ?" என்று கேட்டோம்.

"ஆமாங்க. எது தேங்கிக் கெடக்குதோ அதத்தான் கொடுப்பேன்."

இந்த வணிகரின் ஒரு வாக்கியத்தை விளக்குவதற்கு ஓர் அறிஞர் தம் வாழ்நாளைச் செலவிட்டார் என்றால் மிகையன்று. 1923 ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் தினத்தன்று பிரான்சிலுள்ள அவிஞ்ஞோன் நகரில் பிறந்து, அமெரிக்காவில் பேராசிரியராக விளங்கி, 2015 இல் மறைந்த ரெனே ஜிரார் என்பவரே அவர். 2005 இல் பிரெஞ்சுக் கழகத்தின் உறுப்பினராகத் தெரிவு செய்யப்பெற்றவர். 1961 இல் வெளிவந்த தம் முதல் நூலில், மனிதன் ஒரு பொருளை நேராக விரும்புவதில்லை, பிறர் விரும்புவதைக் கண்டே விரும்பக் கற்றுக்கொள்கிறான் என்று நாவல்களை ஆராய்ந்து காட்டினார். விரும்புகிறவன், விரும்பப்படும் பொருள் என்று இரண்டு மட்டும் அல்ல. இடையில் எப்போதும் ஒரு மூன்றாமவர் இருக்கிறார். அந்த மூன்றாமவர் எட்டாத் தொலைவில் இருந்தால் நமக்கு வழிகாட்டி. பக்கத்து இருக்கையில் இருந்தாலோ போட்டியாளர். புனிதரைப் பார்த்து ஏங்குகிறவன் அவரோடு சண்டையிடுவதில்லை அல்லவா? அண்ணன் தங்கையருக்குள்தான் சண்டை. பத்தாம் கட்டளை ஒரு பொருளோடு நில்லாமல் அயலானைச் சுட்டிப் பேசுவதன் காரணத்தை அவர் இவ்வழியில் எடுத்துரைத்தார். விரும்பத்தக்க பொருள்களைப் பட்டியலிட்டு முடியாது. அயலானோ என்றும் அருகிலேயே இருக்கிறான்.

அவருக்குப் பதினைந்து நூற்றாண்டுகளுக்கு முன்பே இதைக் கண்டவர், அன்றைய நாளின் புனிதராகிய அகுஸ்தீனார். 354 ஆம் ஆண்டில், இன்று அல்ஜீரியா என வழங்கும் நாட்டில், தகாஸ்தே என்னும் ஊரில் பிறந்தவர். தம் பழைய வாழ்வை இறைவன் திருமுன் அறிக்கையிட்டு எழுதிய நூலின் தொடக்கத்திலேயே, தாம் நேரில் கண்ட ஒரு கைக்குழந்தையைப் பற்றிக் குறிப்பிடுகிறார். பேசத் தெரியாத அக்குழந்தை, தன்னோடு பால் குடிக்கும் மற்றொரு குழந்தையை முகம் வெளிறிக் கடுமையாக நோக்கிற்றாம். பாலுக்குக் குறைவில்லை, ஆயினும் பொறுக்கவில்லை. அதே நூலில் தம் பதினாறாம் வயதுச் செயல் ஒன்றையும் எழுதுகிறார். இரவில் நண்பர்களோடு சேர்ந்து பேரிக்காய்களைத் திருடினார். அவற்றைப் பன்றிகளுக்கு வீசினார். அதைவிட நல்ல பழங்கள் அவரிடமே இருந்தன. தனியாக இருந்திருந்தால் தாம் அதைச் செய்திருக்கமாட்டோம் என்று நடுவயதிலிருந்த அந்த ஆயர் ஒளிவின்றி ஒப்புக்கொள்கிறார். அவர் கையிலிருந்தது பேரிக்காய்; மனத்திலிருந்தது நண்பர்கள்.

அன்றிரவு விடுதியில் பிள்ளைகள் உறங்கிய பின்பு, இந்தப் பேரிக்காய்க் கதையை எங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தபோதுதான் எங்கள் இல்லத்தரசி அச்சொல்லைச் சொன்னார். "தொட்டில் விஷயத்தை மகளிடம் போனில் எப்படிச் சொன்னோம், நினைவிருக்கிறதா?"

நினைவிருந்தது. "உன் அண்ணன் தொட்டிலைக் கேட்கிறான், பாவம், அவனுக்காவது அதன் அருமை தெரிகிறதே" என்று சொல்லியிருந்தோம். வேண்டுமென்று சொல்லவில்லை. முதியோர் வாயில் வரும் பேச்சு அது. ஆனால் சாக்கின்மேல் தேங்கிக் கிடந்த சரக்கை எடுத்து ஒரு பிள்ளையின் கையில் கொடுத்து, மற்றப் பிள்ளையைப் பார்க்கச் செய்தவர்கள் நாங்களே. வண்டியில் பொம்மையை எடுத்து நீட்டியதும் நாங்களே. மகளுக்கு அதுவரை வேண்டியது தொட்டிலன்று. தன் குழந்தை பிறந்தபோது யாரும் பரணைப் பார்க்கவில்லையே என்ற ஏக்கம் அந்த ஒரு வாக்கியத்தில்தான் அவளுக்குப் பிறந்திருக்கவேண்டும். நான்கு மாதங்களாகப் பிள்ளைகளுக்காகச் செபித்துவந்த நாங்கள் அன்றிரவு எங்களுக்காகச் செபித்தோம்.

மறுநாள் விடியலில் எல்லாருமாக மாதா குளத்திற்குச் சென்றோம். 1962 ஆம் ஆண்டில் திருத்தந்தை 23 ஆம் யோவான் வேளாங்கண்ணி ஆலயத்திற்குப் பேராலயச் சிறப்பை வழங்கினார். ஆனால் அதன் கதை தொடங்குவது இக்குளக்கரையில்தான் என்பது வழிவழி வந்த மரபு. நாகப்பட்டினத்திலிருந்த தன் எசமானருக்குப் பால் கொண்டுசென்ற சிறுவன் ஒருவன் இக்குளத்தருகே இளைப்பாறினான். கையில் குழந்தையேந்திய பெண்மணி ஒருவர் தோன்றி, தம் குழந்தைக்குச் சிறிது பால் கேட்டார். தனக்குரியதல்லாத பாலைச் சிறுவன் அஞ்சியபடியே கொடுத்தான். பிறகு எசமானர் வீட்டில் பார்த்தபோது குடம் நிறைந்திருந்தது. எத்தனையோ முறை கேட்ட கதை. அகுஸ்தீனார் கண்ட பால் குழந்தையை முந்திய மாலையில் நினைத்திருந்த எங்களுக்கு அன்று அது புதிதாக ஒலித்தது.

பேராலயத்திலிருந்து குளத்திற்கு வரும் மணற்பாதையில் பலர் முழந்தாளிட்டு நகர்ந்து வந்துகொண்டிருந்தார்கள். குழந்தை வரம் வேண்டுவோர் கட்டிய சிறு தொட்டில்கள் காற்றில் ஆடின. உள்ளங்கை அளவான தொட்டில்கள். சிலவற்றில் மரப்பாச்சி போன்ற சிறு உருவங்கள். இளம் தம்பதியர் ஒருவர் தம் தொட்டிலைக் கட்டிவிட்டு, அதைத் தொட்டு ஆட்டிப் பார்த்துக்கொண்டே நெடுநேரம் நின்றனர். மகள் அவர்களைப் பார்த்தாள். மகனும் பார்த்தான். எங்கள் தொட்டிலைப் பற்றி ஒரு சொல்லும் எழவில்லை. நாங்களும், மகளை மட்டும் சற்றுத் தள்ளி அழைத்துச்சென்று, "உனக்குப் பாப்பா பிறந்தபோது நாங்கள் அதை இறக்கித் தந்திருக்கவேண்டும் அம்மா, எங்களுக்குத் தோன்றவே இல்லை. தவறு எங்களுடையது" என்றோம். அவள் ஒன்றும் சொல்லாமல் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதற்குள் மணற்பாதையில் சிரிப்பொலி கேட்டது. பேத்தி முழந்தாளிட்டு நகரத் தொடங்கியிருந்தாள். அவளைப் பார்த்துப் பேரனும் முழந்தாளிட்டான். அவள் விழுந்தாள், அவன் விழாமலிருந்தும் வேண்டுமென்றே விழுந்தான். இருவரும் மணலில் புரண்டு, எழுந்து, மீண்டும் முழந்தாளிட்டார்கள். வேண்டுதலோடு நகர்ந்துவந்த ஒரு முதிய தாய் தம் வலியையும் மறந்து சிரித்தார். புள்ளியிட்ட இராணி மணலில் முகங்குப்புறக் கிடந்தாள். அடி மட்டும் மேலெழும்பி நின்றது. மணல் இறுகப் பற்றியிருந்ததால் அவளால் நிமிர இயலவில்லை. அவளைத் தேடுவார் இல்லை.

"உன்னைப் போலவே இருக்கிறான், நீயும் இப்படித்தான் நான் செய்வதையெல்லாம் செய்வாய்" என்றான் மகன்.

யாரிடம் சொல்கிறான் என்று நாங்கள் திரும்பிப் பார்த்தோம். தங்கையிடம்தான்.

"நீ செய்ததை நான் செய்தேனா, நான் செய்ததை நீ செய்தாயா?" என்றாள் அவள். மறுபடியும் வாக்குவாதம்தான், ஆனால் நேருக்கு நேர். எங்களுக்கு அதுவே போதுமாயிருந்தது.

மாலையில் கொடி ஏறியது. பல்லாயிரம் தலைகளுக்கு மேலே கொடி விரிந்தபோது பிள்ளைகள் இருவரும் தம் தம் தந்தையரின் தோளில் இருந்தார்கள். "அம்மாச்சி, அம்மாச்சி" என்று இருவரும் ஒரே குரலில் கூப்பிட்டுக் காட்டினார்கள். திரும்பும் வழியில் மகள் முன்வரிசையில் அண்ணிக்கு அருகில் அமர்ந்தாள். புள்ளியில்லாத பொம்மையை விடுதியிலேயே மறந்து வந்துவிட்டோம் என்பது தஞ்சையைத் தாண்டியபோதுதான் நினைவுக்கு வந்தது. பேரன் உடனே அந்தப் பொம்மைதான் வேண்டும் என்று அழுதான்.

தொட்டில் வழக்கு எவ்வாறு முடிந்தது என்று வாசக அன்பர்கள் கேட்கக்கூடும். "முதலில் அண்ணன் வைத்துக்கொள்ளட்டும்" என்று தானே சொன்னதாக மகள் சொல்கிறாள். "தங்கைக்கே இருக்கட்டும்" என்று தான் அதற்கு முன்பே சொல்லிவிட்டதாக மகன் சொல்கிறான். விட்டுக்கொடுப்பதில் யார் முந்தியவர் என்ற இந்தப் புதிய வழக்கில் நாங்கள் தலையிடவில்லை; முன்பு தலையிட்ட அனுபவம் போதும். அக்டோபரில் தொட்டில் பரணிலிருந்து இறங்கியது. மகளே வந்திருந்து புளியிட்டுப் பித்தளை வளையங்களைத் துலக்கினாள். ஒரு மரக்கிளியின் அலகு உடைந்திருந்தது. மருமகப்பிள்ளை அதை ஒட்டினார்.

நவம்பரில் பெண் குழந்தை பிறந்தது. குழந்தையைக் கொண்டுவந்து தொட்டிலில் கிடத்தும் வரையில் பேரன் அத்தொட்டிலின் பக்கமே போனதில்லை. கிடத்திய மறுநாள் காலை, குழந்தையைப் பால் கொடுக்கத் தூக்கிய நேரம் பார்த்து அவன் உள்ளே ஏறிப் படுத்துக்கொண்டான். இறங்கு என்றால் மறுக்கிறான். இரண்டு கால்களும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஆட்டிவிடச் சொல்லி அழுகிறான்.

"அப்படியே இவன் அப்பன்தான்" என்று சொல்லிக்கொண்டே எங்கள் இல்லத்தரசி சங்கிலியைப் பிடித்து மெல்ல ஆட்டத் தொடங்கினார்.